துடுப்பைக் காதில் வைத்துக் கேளுங்கள்

மட்டக்களப்பு என்றதும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது பாடும் மீனைப் பற்றித்தான். "உண்மையாகவே பாடுமா?" என்பார்கள். எங்களில் பலர் சிரித்துக்கொண்டு, "எங்கட அப்பப்பா கேட்டவராம்" என்று சொல்லித் தப்பிக்கொள்வோம். ஊரின் சின்னங்களில் மீன் இருக்கிறது. பாட்டுகளில் இருக்கிறது. அதன் ஒலியைத் தன் காதால் கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணினால் கைவிரல்கள் போதும்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள மாதங்களில், பூரணைக்கு அண்டிய நாளொன்றில், காற்று விழுந்த இரவில் பழைய கல்லடிப் பாலத்தின் பக்கமாகத் தோணியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தண்டு வலிப்பதை நிறுத்திவிட்டு, பேச்சையும் நிறுத்திவிட்டு, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டவருக்கு ஒன்றும் கேட்காது.

1848ஆம் ஆண்டில் இங்கு வந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் ரெனன்ட் நிலா எழுந்த பிறகு மீனவர்களோடு தோணியில் சென்று இந்த ஒலியைக் கேட்டிருக்கிறார். ஒரே ஓசை அல்ல, பல சிறிய ஓசைகள் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டன என்றும், தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி கூடியது என்றும் அவர் தமது இலங்கை பற்றிய நூலில் எழுதினார். அந்த நூல் 1859இல் வெளிவந்தது. அவரோடு சென்ற மீனவர்கள் இது மீன் அல்ல, ஊரி பாடுகிறது என்று சொன்னார்களாம். நூறு வருடங்களுக்குப் பிறகு, மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க யேசு சபைத் துறவி அருட்தந்தை லாங் ஒலிவாங்கியை வாவிக்குள் இறக்கி அந்த ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீராமல் இருப்பதில் எனக்கு ஒரு சந்தோசம்.

யுத்த காலத்தில் இரவு வாவி எங்களுக்கு மூடப்பட்டிருந்தது. தொழிலுக்குப் போகவே நேரக் கட்டுப்பாடு. பூரணை பார்த்துத் தோணி எடுப்பதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். நிலவைக் கண்டால் "இண்டைக்கு வெளிச்சமாகக் கிடக்கு, பயமில்லை" என்றோ, "வெளிச்சமாகக் கிடக்கு, ஆள் தெரியும்" என்றோதான் நினைத்தோம். ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்தது. யுத்தம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றைக் கணக்கெடுத்தவர்கள் வீடு, வள்ளம், மாடு, உயிர் என்று எழுதினார்கள். வியந்து பார்க்கும் பழக்கத்தையும் அது எடுத்துக்கொண்டதென்று எவரும் எழுதவில்லை. அதற்கு நட்டஈட்டுப் படிவத்தில் இடமும் இல்லை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. சாதாரண நாளில், சாதாரண வேலைக்கு நடுவில் வரும் வியப்பு என்னைக் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எப்படிக் கொண்டுவந்தது என்பதையும், அது எங்கெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது என்பதையும் சொல்ல நினைக்கிறேன். வாசிக்கும் சகோதரிகளில் பலர் சைவர்கள், இஸ்லாமியர்கள். ஒருவரையும் மதம் மாற்றும் நோக்கம் எனக்கில்லை. சுனாமிக்குப் பிறகு சில இடங்களில் நிவாரணப் பொதியோடு சேர்த்துச் சமயத்தையும் கொடுக்கப் பார்த்தார்கள் என்பதை நாம் அறிவோம். பசித்த வயிற்றுக்கு முன்னால் வேதத்தை நீட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வியப்பைப் பொதியாகக் கட்டிக் கொடுக்கவும் முடியாது.

எங்கள் பழந்தமிழர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் மனித உணர்வுகளை எட்டாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு மருட்கை என்று பெயர். வியப்பு என்பதுதான் பொருள். அது நான்கு காரணங்களால் வரும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதியதைக் கண்டால் வியப்போம். பெரியதைக் கண்டாலும் வியப்போம். ஆனால் மிகச் சிறியதைக் கண்டும், ஒன்று இன்னொன்றாக ஆகிவருவதைக் கண்டும் வியப்பு வரும் என்று சேர்த்தார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். பெரிய மலையைப் பார்க்க எங்களுக்குக் கண்டிக்குப் போகக் காசு வேண்டும். சிறியதும், ஆகிவருவதும் வீட்டு வளவிலேயே இருக்கின்றன.

அடை வைத்த முட்டை இருபத்தொரு நாளில் குஞ்சாகிறது. வாவிக்கரையில் நிற்கும் கண்டலைப் பாருங்கள். மற்ற மரங்கள் விதையைக் கீழே போட்டுவிடும். கண்டல் அப்படியல்ல. விதை தாய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, நீண்டு, பிழைக்கத் தெரிந்த பிள்ளையாகத்தான் சேற்றில் விழுகிறது. உப்புத் தண்ணீரில் வெறும் விதை பிழைப்பது கடினம் என்று அந்த மரத்துக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது அதைப் படைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் சந்தையில் வாங்கும் வாவி இறால் வாவியில் பிறப்பதில்லை. கடலில் பொரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத குஞ்சாக முகத்துவாரத்தால் உள்ளே வந்து, கண்டல் வேருக்குள் ஒளிந்து வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் கடலுக்குப் போகிறது. 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியில், எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே, யுத்தம் நடந்த எல்லா வருடங்களிலும் அது வந்துபோய்க் கொண்டுதான் இருந்தது. எந்தக் காவலரணும் அதை மறிக்கவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் பெண்கள் குழுவொன்றில் சொல்லிக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து வந்து குடியேறிய பெண்கள். பின்வரிசையில் பன்பாய் இழைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை நிறுத்தாமல் கேட்டார்:

"ஏன் புள்ள, அந்தக் கடலையும் உங்கட ஆண்டவர்தானே படைச்சவர்? அண்டைக்கு அவர் எங்க போனவர்?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. நாவலடி கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. அங்கு ஓடுவதற்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடி, டச்பார் எல்லாம் அதே காலையில் போயின. அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? இறாலின் பயணத்தை வியக்கச் சொன்ன வாயால் அந்த அலையையும் வியக்கச் சொல்வதா? நான் பதில் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது அம்மா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இழையை இழுத்துக் கட்டினார்.

அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பல வருடங்கள் அது என்னோடு இருந்தது. அதைச் சந்திக்காத விசுவாசம் மட்டக்களப்புக்கு உதவாது. சுனாமி மட்டுமல்லவே. 1990இல் காணாமற்போனவர்களுக்காக இன்றும் விளக்கேற்றும் வீடுகள் இருக்கின்றன. அந்த வருடம் ஆகஸ்ட் 15ஆம் திகதி, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அருட்தந்தை யூஜின் ஹெபர்ட்டும் அவரோடு சென்ற இளைஞரும் வந்துசேரவேயில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர் அவர். 2006இலும் 2007இலும் வாகரையிலிருந்து நடந்துவந்த சனத்தை நாம் பார்த்தோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். "அண்டைக்கு அவர் எங்க போனவர்?" என்ற கேள்விக்கு வேறு வேறு திகதிகள் மட்டும்தான்.

வேதாகமத்தில் இதே கேள்வியைக் கேட்டவர் யோபு. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தவர். அவருடைய நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று விளக்கம் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு, எல்லாச் சமயத்திலும் உண்டு. கடைசியில் கடவுள் பேசுகிறார். ஏன் இப்படி நடந்தது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாறாக விடிவெள்ளியையும், கடலின் கதவையும், மலை ஆடு ஈனும் காலத்தையும், காக்கைக் குஞ்சின் பசியையும், குதிரையின் பிடரியையும் காட்டிக்கொண்டே போகிறார். இளவயதில் வாசித்தபோது எனக்கு இது கோபத்தைத்தான் தந்தது. கேட்டது ஒன்று, சொல்வது இன்னொன்று! ஆனால் அதே புத்தகத்தில் கடவுள் அந்த நண்பர்களைக் கண்டிக்கிறார், கேள்வி கேட்ட யோபுவையோ நேர்மையாகப் பேசியவன் என்கிறார். பாய் இழைத்த அந்த அம்மா யோபுவின் பக்கம் நிற்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. வியப்பு அவருடைய கேள்விக்குப் பதில் அல்ல. எந்தப் போதகர் அப்படிச் சொன்னாலும் நம்பவேண்டாம். கேள்வியோடு ஒரு பெண் உயிர்வாழ்வதற்கு வேண்டிய மூச்சு அது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

யோபுவைவிட ஆகாரின் கதை எங்கள் பெண்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஆபிரகாமின் வீட்டு அடிமைப்பெண். அந்த வீட்டாருக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தவள், பிறகு அந்த வீட்டாராலேயே வெளியே அனுப்பப்பட்டவள். கொஞ்ச அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் தோளில் வைத்து, பிள்ளையையும் கொடுத்து அனுப்பினார்கள். உலர் உணவுப் பங்கீடு என்று எங்களில் ஒருத்தி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் ஒரு பற்றைக்கடியில் அவனைக் கிடத்திவிட்டு, தூரப் போய் உட்கார்ந்து அழுகிறாள். அப்போது கடவுள் அவளுடைய கண்களைத் திறந்தார், அவள் ஒரு கிணற்றைக் கண்டாள் என்று எழுதியிருக்கிறது. கிணறு தோண்டப்பட்டதாக எழுதவில்லை. ஏற்கெனவே அங்கு இருந்திருக்கிறது. அழுத கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பும் ஒருமுறை, கருவுற்றிருந்தபோது, அவள் ஓடிப்போயிருக்கிறாள். அப்போதும் ஒரு நீரூற்றருகில்தான் கடவுள் அவளைச் சந்திக்கிறார். அங்கே அவள் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: என்னைக் காண்கிறவர். வேதாகமத்தில் கடவுளுக்கு முதன்முதல் பெயர் வைத்தது ஒரு அரசனோ தீர்க்கதரிசியோ அல்ல. இடம்பெயர்ந்து வந்த ஒரு பெண். முகாமில் இருந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். அங்கே எங்களை எண்ணினார்கள், பதிந்தார்கள், வரிசையில் விட்டார்கள். ஆனால் காணவில்லை.

கண்களைத் திறப்பது எப்படி? இதை ஒரு பயிற்சியாகவே சொல்லிக்கொடுத்தவர் புனித இஞ்ஞாசியார். அவரும் யுத்தத்தில் அடிபட்டவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1521இல் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் சிதறியது. எலும்பைத் திரும்பவும் உடைத்துப் பொருத்தினார்கள். மாதக்கணக்காகப் படுக்கை. அந்த நாட்களில் இரவில் வானத்தையும் நட்சத்திரங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. மன்றேசா என்ற ஊரில் இருந்தபோது, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற அளவுக்கு மனம் உடைந்திருக்கிறார். அதே ஊரில், 1522இல், கர்தொனேர் என்ற ஆற்றைப் பார்த்தபடி வழியோரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லாமே புதிதாக விளங்கிய அந்தக் கணம் அவருக்கு வந்தது. பெரிய தரிசனம் எதுவும் காணவில்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். (மனம் அப்படி உடைந்திருக்கும் சகோதரிகள் இருந்தால், தயவுசெய்து தனியே இருக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமாவது, வைத்தியசாலையிலாவது சொல்லுங்கள். இஞ்ஞாசியாரும் தனியாகத் தேறவில்லை.)

அவர் தொடங்கிய யேசு சபையினர் 1890களில் எங்கள் பகுதிக்கு வந்தார்கள். புனித மிக்கேல் கல்லூரி அவர்கள் வளர்த்த பாடசாலை. அங்கு படித்த ஒருவர்தான் சுவாமி விபுலானந்தர். காரைதீவில் 1892இல் பிறந்து, அந்தக் கிறிஸ்தவப் பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் கற்று, இராமகிருஷ்ண மடத்துத் துறவியானவர். இதே வாவியின் ஒலியை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடியவர், 1947இல் வெளிவந்த யாழ் நூலைத் தந்தவர். ஒரே வாவி, ஒரே ஒலி. அருட்தந்தை லாங் ஒரு வழியில் கேட்டார், சுவாமி இன்னொரு வழியில் கேட்டார். வியப்பு எல்லோரையும் ஒரே வாசலுக்குக் கொண்டுபோய் விடுமென்று நான் சொல்லமாட்டேன். என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று மட்டும் சொல்லலாம்.

இதே யேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகம் உளவியல் படித்தவர். அவரும் கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவை உண்டாக்கினார்கள். வெளியே யுத்தம் உச்சத்தில். உள்ளே மரங்கள், விலங்குகள், களிமண், வர்ணங்கள், கதை. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டார்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று துருவிக் கேட்பதற்கு முன்பு, பார்க்கவும் தொடவும் விளையாடவும் விட்டார்கள். செத்துப்போன வியப்பு முதலில் உயிர்த்தால் மற்றதெல்லாம் மெல்ல வரும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அங்கே பிரசங்கம் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பூங்காவைப் போல எனக்குக் கடவுளைப் பற்றிச் சொன்ன பிரசங்கங்கள் குறைவு.

பெரியவர்களுக்குப் பூங்கா இல்லை. எங்களுக்கு அடுப்படியும் வேளாண்மையும் வரிசையும்தான். ஆனால் வியப்பு என்பது பூவிலும் பறவையிலும் மட்டும் இருப்பதல்ல. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாக்கர் கெல்ட்னர் 26 நாடுகளில் சாதாரண மக்களிடம், நீங்கள் வியந்து நின்ற அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டுச் சேர்த்தார். 2023இல் அது நூலாக வந்தது. மலையும் கடலும் முதலிடம் பெறும் என்றுதான் நாம் நினைப்போம். முதலிடம் பெற்றது மற்ற மனிதரின் தைரியமும் இரக்கமும். இதை வாசித்தபோது எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. தன்னுடைய மகனைத் தேடி எத்தனையோ வாசல்களில் நின்ற ஒரு தாய், அதே வரிசையில் மயங்கிவிழுந்த வேற்று இனத்துத் தாய்க்குத் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மூடியைத் திறந்து கொடுத்தார். அந்த நேரத்தில் என் உடம்பு சிலிர்த்தது. இவருக்கு இது எங்கிருந்து வந்தது? சம்பளமில்லை, சாட்சியில்லை, மனதிலோ ஆறாத நெருப்பு. அதற்குள்ளிருந்து தண்ணீர் எப்படி வந்தது?

என்னுடைய விசுவாசம் இங்கேதான் தொடங்கியது. கடலைப் பார்த்து இதைப் படைத்தவர் பெரியவர் என்று சொல்வது எளிது. அதற்குக் கிறிஸ்துவே தேவையில்லை. அடிபட்ட ஒரு உயிரிலிருந்து இரக்கம் ஊறி வருவதைக் கண்டபோதுதான் சிலுவையின் பக்கம் திரும்பினேன்.

சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சுப் பெண்ணைப் பற்றிப் பிற்காலத்தில் வாசித்தேன். 1909இல் பாரிசில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஆசிரியை. தொழிலாளரின் வாழ்வை அறிவதற்காக ஆலைகளில் கூலிவேலை செய்து, உடலும் மனமும் நொறுங்கிப்போனவர். 1935இல் போர்த்துக்கலில் ஒரு ஏழை மீனவக் கிராமத்தில், பூரணை இரவில் தனியே நின்றிருந்தார். அன்று அந்த ஊர்த் திருநாள். மீனவரின் மனைவிமார் கையில் மெழுகுதிரிகளோடு வள்ளங்களைச் சுற்றி வந்து, மிகப் பழைய, மிகத் துயரமான பாடல்களைப் பாடினார்கள். கிறிஸ்தவம் அடிமைகளின் சமயம், அவர்கள் அதைப் பற்றிக்கொள்ளாமல் இருக்க முடியாது, தானும் அவர்களில் ஒருத்தி என்று அந்த இரவில் அவர் உணர்ந்தார். கோயில் கோபுரத்தைப் பார்த்து அல்ல, பண்டிதரின் நூலைப் படித்து அல்ல. வள்ளத்தைச் சுற்றிய பெண்களைப் பார்த்து. அந்தப் பெண்களுக்கு ஒரு ஆசிரியை இருட்டில் நின்று தங்களைப் பார்க்கிறாள் என்றே தெரிந்திருக்காது.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியவர்கள். அவர்களுடைய சமயம் இங்கு துப்பாக்கியோடுதான் வந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வந்த எல்லோரும் துப்பாக்கியோடு வரவில்லை. 1814இல் முதல் மெதடிஸ்த ஊழியராக வந்த வில்லியம் ஓல்ட், கப்பல் பயணத்திலேயே மனைவியை இழந்த பிறகு மட்டக்களப்பில் வந்து இறங்கியவர். பாடசாலைகளைத் தொடங்கி, ஒரு வருடத்துக்குள், 1815 ஏப்ரலில் இறந்துபோனார். கடலுக்கு ஆளைக் கொடுத்துவிட்டுக் கரையில் பாடசாலை தொடங்கியவர்.

யோவான் எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரம் ஒரு வாவிக்கரையில் நடக்கிறது. இயேசு கொல்லப்பட்டுவிட்டார். சீடர்கள் மனம் சோர்ந்து பழைய தொழிலுக்கே திரும்பி, இரவு முழுதும் வலை போட்டும் ஒன்றும் படவில்லை. வெள்ளாப்பில் கரையில் யாரோ நிற்கிறார். வலப்பக்கம் போடச் சொல்கிறார். வலை நிறைகிறது. 153 மீன். யாரோ இருந்து எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள், மீனவரின் புத்தி எங்கும் ஒன்றுதான்! ஆனால் எனக்கு வியப்பு அந்த 153இல் இல்லை. அவர்கள் கரையேறும்போது அங்கே கரிநெருப்பு மூட்டியிருக்கிறது. நெருப்பின்மேல் மீன். பக்கத்தில் அப்பம். சாப்பிட வாருங்கள் என்கிறார். சாவை வென்றுவந்தவர் முதல் வேலையாக அரண்மனைக்குப் போய்த் தன்னைக் கொன்றவர்களை விசாரிக்கவில்லை. விறகும் கரியும் தேடி, தன்னைக் கைவிட்டு ஓடியவர்களுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறார். கையில் ஆணித் தழும்பு இருந்தது. உயிர்த்த உடலிலும் அது மறையவில்லை. அந்தக் கையாலேயே மீனைப் பிரட்டியிருப்பார்.

வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்குச் சமைத்த பெண்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். "எங்களுக்கு ஆர் விடிய எழும்பி அடுப்பு மூட்டினவை?" என்று ஒருவர் கேட்டார். கடலைப் படைத்தவர் அடுப்பு மூட்டுகிறார் என்பதே நான் கண்ட கிறிஸ்தவம். பெருமையும் சிறுமையும் ஒரே ஆளில்.

பயிற்சிக்கு வருகிறேன். இஞ்ஞாசியார் தம்முடைய சபையினருக்கு நாளின் முடிவில் நாளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். முதலில் குற்றங்களை அல்ல, பெற்ற நன்மைகளைத்தான் எண்ணச் சொன்னார். எங்கள் குழுவில் இதை எளிதாக்கிச் செய்கிறோம். பாய் விரித்த பிறகு, விளக்கை அணைக்கும் முன், இன்று என் கண்ணை நிறுத்திய ஒன்று எது என்று நினைப்பது. ஒன்றே ஒன்று. அதற்கு நன்றி சொல்லத் தோன்றினால் சொல்வது. ஆருக்குச் சொல்வதென்று தெரியாவிட்டால் வெறுமனே சொல்லிவைப்பது. மாதக் கூட்டத்தில் விரும்பியவர்கள் அதைப் பகிர்வார்கள். கொப்பி வேண்டாம், எழுதத் தெரியவேண்டியதில்லை. தத்தம் சமயத்தில் இருந்துகொண்டே செய்கிறார்கள். சைவப் பெண்ணொருவர், தான் அதை மாமாங்கேஸ்வரருக்குச் சொல்வதாகச் சொன்னார். நல்லது என்றேன்.

வந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு முற்றத்தில் ஈசல் எழும்பியது. பேத்தி முதன்முதல் தன் பெயரை எழுதியது. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் வந்த பிறகும், பழைய 'பாதை'யில் ஏறி வாவியைக் கடந்த நாட்களை நினைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தது. பேசாமல் இருந்த மருமகள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தது. யாரும் அற்புதம் எதுவும் சொல்லவில்லை.

பாய் இழைக்கும் அம்மா நெடுநாள் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவரைக் கேட்பதுமில்லை. ஒருமுறை, ஆயித்தியமலைச் சதாசகாய மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்துபோகும் கூட்டத்தோடு தானும் வரலாமா என்று கேட்டார். கிறிஸ்தவர்தானா வரவேண்டும் என்று தயங்கினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கோயில் அது, ஆரும் வரலாம் என்றேன்.

"அப்ப அவவுக்கிட்டக் கேப்பம்" என்றார். "அவவுக்குத் தெரிஞ்சிருக்கும், அண்டைக்கு அவர் எங்க போனவரெண்டு."

செப்டம்பர் மாதம் போனோம். உன்னிச்சைப் பக்கமாக வெயில் ஏறுமுன் நடந்தோம். வழியில் அவர் என்னிடம் பன் காய்ந்த விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.